மூன்று விரல் வாய்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு விர்ரபில்லா ஊரில் எடுத்துக்காட்ட ஒரே ஆள்தான் உண்டு: மெர்வ் டோல்ஹர்ஸ்ட். வயது ஐம்பத்தெட்டு, எடை தொண்ணூற்றாறு கிலோ. அதில் குடும்பத்துக்குச் சோறு போட்டது தாடை மட்டும். இருபத்தொன்பது வருடங்களாக அந்த ஊர் மாட்டுச்சந்தையில் ஏலம் கூறுகிறவர் அவர். பட்டிகளுக்கு மேலே நீளமாகப் போகும் நடைபலகையில் நின்று அவர் வாயைத் திறந்தால் நிமிஷத்துக்கு எத்தனை எண் விழும் என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எண்ணும்போது தலையை ஆட்டியதால் இரண்டு காளைகளுக்குச் சொந்தக்காரராகி வீட்டுக்குப் போனார்.

இப்பேர்ப்பட்ட தாடையில்தான், இடது காதுக்கு முன்னால் ஒரு பட்டாணி அளவு இடத்தில், ஒன்பது வருடமாக வலி. முதலில் கொட்டாவி விட்டால் வலித்தது. பிறகு மென்றால் வலித்தது. பிறகு மாடுகளைப் பார்த்தாலே வலித்தது. மெர்வ் இதை வெளியே சொல்லவில்லை. குதிரை விற்க வந்தவன் அது நொண்டி என்று தண்டோரா போடுவானா? தாடை நோகும் ஏலக்காரரிடம் யார் கன்றை ஒப்படைப்பார்கள்? மனைவி ராஸ்லினுக்கு மட்டும் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததல்ல, பக்கத்தில் படுப்பதால் தெரிந்தது.

போன ஜனவரியில் விஷயம் சந்தி சிரிக்கும் நிலைக்கு வந்தது. வருடத்தின் பெரிய சந்தை புதுவருடத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான். பால்குடி மறந்த கன்றுகள் மூவாயிரம், அங்கே ஜனவரிதான் கோடை, வெயில் நாற்பத்தொன்று டிகிரி, ஐந்து மணி நேரம் நிறுத்தாமல் கூற வேண்டும். நூற்று நாற்பதாவது பட்டி, கிரிம்ஷா என்ற கிழட்டுப் பண்ணைக்காரருடைய கன்றுகள். மெர்வ் ‘எழுநூற்று நா’ என்ற இடத்துக்கு வந்தார். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. மூடவில்லை, மேலே திறக்கவுமில்லை. பதினோரு விநாடி. தொப்பிகளுக்குக் கீழே நின்ற வியாபாரிகள், ‘இவன் ஏன் ஏலத்தை முடிக்காமல் நிற்கிறான், யாரோ ரகசியமாக ஏற்றிக் கேட்கிறான்’ என்று தாங்களே விரலைத் தூக்கி எண்ணூறு வரை கொண்டுபோனார்கள். மெர்வ் கையிலிருந்த பட்டியலைச் சுருட்டித் தாடையில் ஓர் அடி அடித்து மூடிக்கொண்டு, “வித்தாச்சு” என்றார். கிரிம்ஷா நன்றி தெரிவித்து ஒரு பெட்டி பீர் அனுப்பினார். அவர் வாழ்நாளில் யாருக்கும் எதுவும் அனுப்பியது அதுவே முதல்.

ஆனால் ஏலக் கம்பெனியின் வட்டார மேலாளர் கீழே நின்று பார்த்துவிட்டார். நாசூக்கான மனிதர். “அடுத்த ஜனவரியிலும் இப்படி ஆச்சுன்னா, நடுச்சந்தைன்னாலும் சரி, சிட்டிலேர்ந்து வர்ற ஆளு மைக்க மாட்டிக்குவான், மெர்வ். தப்பா எடுத்துக்காத,” என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை.

மெர்வ் வைத்தியமே பார்க்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் மாலை ஐந்தரைக்குத் தவறாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ரயில்வே ஹோட்டலில். ஊருக்குக் கடைசி ரயில் வந்து நாற்பது வருடம் ஆகிறது. ஹோட்டல் என்று பேர், அங்கே யாரும் தங்கியதாக நினைவில்லை. அந்த இடத்தில் பீர் ஒன்றுதான் நிஜம்.

அந்தக் கங்காரு நாட்டில், ஒருவர் தன் கூட்டத்துக்கெல்லாம் ஒரு சுற்று வாங்கிக் கொடுப்பதைக் ‘கத்துவது’ என்பார்கள். ‘இது என் கத்து’ என்றால் இந்தச் சுற்று என் செலவு என்று அர்த்தம். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு கத்து. அடுத்தவர் கத்தை மறுக்கக் கூடாது, தன் கத்து முடியுமுன் எழுந்திருக்கக் கூடாது. பெண்டாட்டியை விட்டு ஓடியவனையும் தேவாலயத்துக் கூரைத் தகரத்தைத் திருடியவனையும் விர்ரபில்லா மன்னித்திருக்கிறது. எண்பத்தேழாம் வருடம் கத்தாமல் எழுந்து போன ஒருவனை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

மெர்வின் மேஜையிலும் நாலு பேர். அவர், லாரி ஓட்டும் ப்ளூயி, எதைப் பற்றியும் கருத்துச் சொல்லாத டன்ஸ்டன் அண்ணன் தம்பி இருவர். ப்ளூயி என்றால் நீலன். தலைமுடி செக்கச்செவேலென்று இருப்பதால் அந்தப் பேர், அந்த ஊர் நியாயம் அப்படி. ஆக மெர்வுக்குப் பகலில் மாட்டுக்காக ஒரு கத்து, மாலையில் மனிதருக்காக ஒரு கத்து. முதல் கத்து தாடையைக் கெடுக்கிறது, இரண்டாம் கத்து சரிசெய்கிறது என்பது ஒன்பது வருடமாக அவர் கைக்கொண்ட மருத்துவ சாஸ்திரம்.

மூன்றாவது கிளாஸில் வலி உண்மையாகவே போய்விடும். இதை மறுப்பவர் குடித்துப் பார்க்காதவர். நாலாவது கிளாஸில் தாடை இருப்பதே மறந்துபோகும். வீட்டுக்கு வந்து, போன வலி திரும்பி வராமலிருக்க, கிளாஸில் இரண்டு விரல் உயரத்துக்கு ரம். காலையில் எழுந்தால் ரொட்டியின் ஓரத்தை மட்டும் உள்ளே விடுகிற அளவுக்கு வாய் திறக்கும்.

“நேத்தும் அரைச்ச,” என்பார் ராஸ்லின், தேநீரை ஊற்றிக்கொண்டே.

“தலகாணி சரியில்ல.”

“தலகாணி பல்ல கடிக்கல, மெர்வ். ப்ளூயி லாரி மேட்டுல கியர் மாத்தற மாதிரி நறநறன்னு சத்தம். சரக்கு எங்க எறங்குதுன்னுதான் தெரியல.”

தலையணைக்குப் பிறகு வடக்குக் காற்று, கெட்டி மாட்டிறைச்சி, மத்திய அரசு எல்லாவற்றையும் மெர்வ் விசாரித்துக் குற்றம் சாட்டினார். தினம் நேரில் வந்து நின்ற குற்றவாளியை மட்டும் விசாரிக்கவில்லை. அது நண்பர்களோடு வந்தது.

நவம்பர் நடுவில் ராஸ்லின் அவரைத் தீயணைப்புக் கொட்டகை முன்னால் நின்ற பல் மருத்துவ வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் வண்டி. உள்ளே லியோனி ட்ரான் என்ற சின்ன உருவம், பெரிய கண்ணாடி. வாய்க்குள் எட்டிப் பார்த்து, பல்லெல்லாம் சமவெளியாகத் தேய்ந்திருப்பதைக் கண்டு, “தினம் எவ்வளவு குடிப்பீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு பீர்.”

“இந்த ஊர்ல எல்லாருமே எங்கிட்ட ரெண்டுதான் சொல்றாங்க, மிஸ்டர் டோல்ஹர்ஸ்ட். போலீஸ்கிட்ட சொல்ற ரெண்டா, பொண்டாட்டிகிட்ட சொல்ற ரெண்டா?”

மெர்வ் யோசித்தார். “மெர்வ்னே கூப்பிடும்மா. நாலு. அப்புறம் கொஞ்சம் ரம்.”

“வலி மாத்திரை?”

“அதுவும் உண்டு. பீர்லயே முழுங்கிருவேன். மழை இல்லாத வருஷம், தண்ணிய வீணாக்கக் கூடாது பாரு.”

லியோனி பேனாவைக் கீழே வைத்தார். “தாடைக்காக ஈரலையும் வயித்தையும் சேத்து ஏலம் விட்டுருக்கீங்க. முதல்ல அத நிறுத்துங்க. இப்ப கேளுங்க. பீர் வலிய வாசல் வழியா அனுப்புது, சரி. ஆனா கொல்லக் கதவத் தொறந்து வச்சிருது. குடிச்சிட்டுப் படுத்தா தூக்கம் கலைஞ்சு கலைஞ்சு வரும், பல்ல கடிக்கறது கூடும். ராத்திரி பூரா அந்த மூட்டு வேலை பாக்குது. காலைல வலி தனியா வரல, சொந்தபந்தத்தோட வருது.”

“சும்மா சொல்றியா?”

“நம்ப வேண்டாம். அளந்து பாருங்க. தெனம் காலைல விரல சேத்து நிமித்தி வச்சு வாய்க்குள்ள விடுங்க. மூணு விரல் போனா நல்ல வாய். ஒரேடியா நிறுத்தறதுன்னா மட்டும் டாக்டரப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

இதைத்தான் மெர்வால் தட்ட முடியவில்லை. உபதேசம் செய்திருந்தால் தட்டியிருப்பார். எடை போடாத எதையும் நம்பாதவர், எடை போட்டதை மறுக்கத் தெரியாதவர்.

சமையலறைக் காலண்டரில், மாட்டு முதுகில் குறிபோடும் நீலச் சாக்கால், ஒரு பக்கம் முந்தின மாலை உள்ளே போன ரம் எத்தனை விரல், மறுபக்கம் காலையில் வாய்க்குள் போனது எத்தனை விரல் என்று எழுதத் தொடங்கினார். முதல் வாரம் வழக்கம்போல் குடித்தார்: வாய் ஒன்றரை, ஒன்றரை, ஒன்று, ஒன்றரை. இரண்டாம் வாரம், வேலியைச் சரிசெய்ய வேண்டும் என்று பொய் சொல்லி ஹோட்டல் பக்கமே போகவில்லை, வீட்டில் ரம்மையும் தொடவில்லை. முதல் மூன்று நாள் மாற்றமில்லை. தூக்கமும் வரவில்லை. ‘பல்காரி ஏமாற்றிவிட்டாள்’ என்று மகிழ்ச்சியோடு எழுதி வைத்தார். ஐந்தாம் நாள் இரண்டு விரல். ஏழாம் நாள் இரண்டரை. மூன்றாம் வாரம் ப்ளூயி பிறந்தநாள் வந்தது. அன்று ரம் ஐந்து விரல், மறுநாள் காலை வாயில் சுண்டுவிரல், அதுவும் கெஞ்சிக்கொண்டு.

மெர்வ் காலண்டருக்கு முன்னால் நின்றார். இவ்வாறாக, உலகம் இதுவரை அறிந்திராத டோல்ஹர்ஸ்ட் விதி விர்ரபில்லாவின் ஒரு சமையலறையில் பிறந்தது: கிளாஸில் விரல் ஏறினால் வாயில் விரல் இறங்கும்.

“சந்தைக்கு அஞ்சு வாரம் இருக்கு,” என்றார். “அதுவரைக்கும் ஒரு சொட்டு கிடையாது.”

“அதுக்கப்புறம்?” என்றார் ராஸ்லின்.

“அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துல அடுத்த சந்தை இருக்கே.”

குடியை நிறுத்துவது கஷ்டம் என்பார்கள். மெர்வுக்கு அது இரண்டு வாரக் கஷ்டம்தான். மாலை ஐந்தரைக்குக் கால் தானாக எழுந்து நின்றது, கை கிளாஸைத் தேடியது, வலி பட்டாணியிலிருந்து எலுமிச்சைக்கு வளர்ந்து ‘மருந்து எங்கே’ என்று கேட்டது. வெந்நீர்த் துணியை ஒத்திக்கொண்டு, எருமை மாதிரி மெல்ல மென்று, தாங்கிவிட்டார். தாங்க முடியாமல் போனது, கல்லாவுக்கு முன்னால் நின்று எலுமிச்சை சோடா கேட்டதுதான்.

ஹோட்டலம்மா கெய்லீனின் கை பீர்க் குழாயின் மேல் அப்படியே நின்றது. “என்ன கேட்ட, கண்ணு?”

“எலுமிச்சை சோடா.”

“வண்டி ரேடியேட்டர்ல ஊத்தவா?”

மேஜைக்குக் கொண்டுபோனார். ப்ளூயி சோடாவைப் பார்த்தார், மெர்வைப் பார்த்தார். “யாரு செத்தா, மேட்?” என்றார். அங்கே நண்பனை ‘மேட்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“யாரும் சாகல. தாகமா இருந்துச்சு.”

அன்று ஓர் அரசியல் சாசனப் பிரச்சினை எழுந்தது. பீர் கத்துக்குள் சோடா சேருமா? சோடா குடிப்பவன் பீர் கத்தினால் அது கத்தா, தர்மமா? முக்கால் மணி நேரம் ப்ளூயி தனியாக விவாதித்தார். கடைசியில் மூத்த டன்ஸ்டன், பதினாறு வருடத்தில் முதல் முறையாக, “சேரும்,” என்றார். தீர்ப்பு நிலைத்தது.

ஆனால் மெர்வ் வெளியே போனதும் ஊர் யோசித்தது. அங்கே ஓர் ஆண் குடியை விடுவதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: போலீஸ், கடவுள், டாக்டர். மெர்வ் இன்னும் வண்டி ஓட்டுகிறார், போலீஸ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அவர் வண்டி நிற்கவில்லை, கடவுளும் இல்லை. போன மாதம் டாக்டர் வீட்டுப் படியில் ஏறியதைக் கெய்லீனின் தங்கையே பார்த்திருக்கிறாள். அதற்குள் பெல்ட்டில் இரண்டு ஓட்டை இறங்கியிருக்கிறது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. மெர்வ் சாகப்போகிறார்.

அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆணைப் பார்த்து உடம்பு எப்படி என்று கேட்பது விர்ரபில்லாவில் அவர் சட்டைப்பைக்குள் கை விடுவதற்குச் சமம். கேட்காமல் உதவுவதுதான் மரியாதை. ஆகவே ராஸ்லின் வீட்டுக்கு மூடிபோட்ட பாத்திரங்கள் வரத் தொடங்கின. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் மட்டும் பதினேழு, பதினேழிலும் சூரைமீனும் வெள்ளைக் குழம்பும்.

“எதுக்கு இதெல்லாம்?” என்றார் மெர்வ்.

“தெரியல. ‘தைரியமா இருங்க’ங்கறாங்க. மீன நெனச்சு சொல்றாங்களோ என்னவோ.”

சந்தைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மாலை, மெர்வ் சோடாவுக்காக ஹோட்டலுக்குள் நுழைந்தார். அன்று காலை வாய் மூன்று விரல், ஒன்பது வருடத்தில் முதல் முறை. உள்ளே நாற்பது பேர். கூரையிலிருந்து ஒரு படுக்கைவிரிப்பு தொங்கியது. அதில் பெரிய எழுத்தில் ‘நம்ம மெர்வுக்காக’. கல்லாவின் மேல் மாட்டிறைச்சித் தட்டுகள் அடுக்கியிருந்தன. இறைச்சிச் சீட்டுக் குலுக்கல்: சீட்டு விற்ற காசு ஒருவருக்கு உதவி, இறைச்சி சீட்டு விழுந்தவருக்கு. அந்த ஊரில் ஒருவருக்கு ஆகப்பெரிய துன்பம் வந்தால்தான் இதைச் செய்வார்கள். தட்டுகளுக்குப் பக்கத்தில், நுரை பொங்க, வரிசையாகப் பதினோரு பீர் கிளாஸ்.

ப்ளூயி ஒரு நாற்காலியில் ஏறினார். சவரம் செய்திருந்தார். கோட்டு போட்டிருந்தார். “மெர்வ்,” என்றார். “நீ சொல்லல, நாங்க கேக்கல. ஆனா எங்களுக்குத் தெரியும். டாக்டர் என்ன சொன்னா என்ன, மேட். இந்த நெலமைல ஒரு பீரு என்ன கெடுத்துரப் போகுது? பதினோரு பேரு கத்திருக்கோம். ஒன்னுகூட மறுக்கக் கூடாது.” கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார். இளைய டன்ஸ்டன் தொப்பியைக் கழற்றினார்.

மெர்வுக்கு முழுவதும் புரிய மூன்று விநாடி ஆனது. பதினேழு பாத்திரமும் புரிந்தது. பிறகு கிளாஸ்களைப் பார்த்தார். ஐந்து வாரம் தொடாத நுரை. நாக்கு தனக்குத் தானே நனைந்தது. ஒன்றைக் குடித்தால் இரண்டாவதை மறுக்க முடியாது, பதினொன்று போனால் நாளைக் காலை சுண்டுவிரல். மறுத்தால் எண்பத்தேழாம் வருடத்துக்காரனுக்குப் பக்கத்தில் தனக்கும் ஓரிடம். உண்மையைச் சொன்னால், அதோ கல்லா ஓரத்தில் கிரிம்ஷா நிற்கிறார், இன்னும் ஆறேழு பண்ணைக்காரர்கள் நிற்கிறார்கள். நொண்டிக் குதிரை என்று தானே தண்டோரா போட்டதாகும்.

கல்லாவுக்கு நடந்து போனார். முதல் கிளாஸை எடுத்தார். அதை அப்படியே ப்ளூயியின் கையில் கொடுத்தார்.

“எனக்குக் கத்துனது எனக்குச் சொந்தம். சரிதானே?”

“சரிதான்,” என்றார் ப்ளூயி.

“அப்ப பதினொன்னும் இப்ப என்னுது. இது என் கத்து. எடுத்துக்குங்க. யாரும் மறுக்கக் கூடாது.”

நாற்பது பேரும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. கத்தை மறுக்க முடியாது. பதினோரு பேர் வந்து, சாகிறவன் வாங்கிக் கொடுத்த பீரைக் கண்ணீரோடு குடித்தார்கள்.

அவர்கள் கண்ணீரைத்தான் மெர்வால் தாங்க முடியவில்லை. “நான் சாகல,” என்றார். “தாடை வலி. ஒம்போது வருஷமா. குடிச்சா சாயங்காலம் போயிட்டு காலைல ரெட்டிப்பா வருது. அளந்துட்டேன்.” மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விட்டுக் காட்டினார்.

“தாடையா?” என்றார் ப்ளூயி. “வெறும் தாடையா? நான் கோட்டு வாங்கிருக்கேன்டா.”

“எடுத்து வை. ஒரு நாள் உதவும்.”

கிரிம்ஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “இந்த வருஷமும் என் கன்னுங்க நூத்தி நாப்பதாவது பட்டிலதான் நிக்குது. உன் வாய் நிக்காம ஓடுமா?”

“நாளைக்கு வந்து பாரு.”

“மேனேஜருக்குப் போன் பண்ணி அந்த சிட்டிக்காரனையே கூற சொல்லலாம்னு நெனக்கிறேன்.”

“பண்ணு. நாப்பது பேரு முன்னால பண்ணு. ஆனா அவன் வாய் நின்னு போனா யாரும் வெல ஏத்த மாட்டாங்க.”

கிரிம்ஷா போனை எடுக்கவில்லை. குலுக்கலில் சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்று கெய்லீன் கேட்டபோது, பல் வண்டிக்குப் புது நாற்காலி வாங்கலாம் என்றார் மெர்வ், சோடாவை உறிஞ்சிக்கொண்டு. இறைச்சித் தட்டு டன்ஸ்டன்களுக்கு விழுந்தது. அவர்கள் அதுபற்றிக் கருத்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூன்று விரல். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் மூன்று. எட்டு மணிக்கு மெர்வ் நடைபலகையில் ஏறினார். கீழே வட்டார மேலாளர், அவர் பக்கத்தில் மைக்கைக் கழுத்தில் மாட்டிய சிட்டிக்காரர், மூவாயிரம் கன்று, அதைவிட அதிகமாக ஈ. ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டதால், சரித்திரத்தில் முதல் முறையாகச் சந்தையில் யாரும் மாட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு மனிதரின் வாயைப் பார்த்தார்கள்.

முப்பதாவது பட்டி தாண்டியது. எண்பது தாண்டியது. நூறுக்குமேல் பட்டாணி கண்விழித்தது. மெர்வ் பட்டிக்குப் பட்டி ஒரு மிடறு தண்ணீர் குடித்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தாடையைத் தொங்கவிட்டு, பல்காரி சொல்லிக் கொடுத்தபடி, மூன்று மூச்சு விட்டு, மேலே போனார். வலி இல்லை என்று சொன்னால் பொய். வலி இருந்தது. மூட்டு ஓடியது.

நூற்று நாற்பது. கிரிம்ஷாவின் கன்றுகள். விலை அறுநூறில் தொடங்கி எழுநூறுக்கு ஏறி, அங்கே சோர்ந்தது. வியாபாரிகள் தொப்பியை இறக்கிக்கொண்டார்கள். மெர்வ், “எழுநூத்தி நா” என்றார்.

நின்றார்.

வாய் ஆவென்று திறந்தபடி. லாரிக்கு மேல் நின்ற ப்ளூயி சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். கீழே ராஸ்லினின் கை தன் தாடைக்குப் போனது. சிட்டிக்காரர் மைக்கைத் தொட்டார். மூன்று விநாடி, நாலு. ஒரு வியாபாரி பக்கத்தில் நின்றவரைச் சந்தேகமாகப் பார்த்து விரலைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். ஏழு, எட்டு. எழுநூற்று அறுபது, எண்பது, எண்ணூறு, எண்ணூற்றுப் பத்து. பதினோராவது விநாடியில் மெர்வ் வாயை மூடினார். பட்டியலைச் சுருட்டவில்லை, அடிக்கவில்லை. தான் நினைத்த நேரத்தில் மூடினார்.

“வித்தாச்சு,” என்றார். அடுத்த பட்டிக்கு நடந்தார். இன்னும் எழுபது பட்டி இருந்தது. எழுபதையும் முடித்தார். சிட்டிக்காரர் மத்தியானமே மைக்கைக் கழற்றிவிட்டு இரண்டு கன்று வாங்கினார், தலையை ஆட்டியதால்.

சாயங்காலம் கிரிம்ஷாவிடமிருந்து ஒரு பெட்டி பீர் வந்தது. மெர்வ் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஹோட்டல் மேஜையில் வைத்து, “என் கத்து,” என்றார். ப்ளூயி எழுந்து போனார், கேட்காமலே எலுமிச்சை சோடா ஒன்று கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ செய்தார்.

“எவ்வளவு போகுது?” என்றார் மெர்வ்.

“ரெண்டு,” என்றார் ப்ளூயி, வாயிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டே.

“போலீஸ்கிட்ட சொல்ற ரெண்டா?”

ப்ளூயி பீரைப் பார்த்தார். “எனக்கு விரல் தடிமன், மேட்,” என்றார்.